ஒசாகாவில் கூட்டம் எட்டிப் பார்க்காத இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒசாகாவுக்கு டிக்கெட் போட்டவர்களும் ஒருமுறை போய்விட்டு மறுபடி போகப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். யூனிவர்சல் ஸ்டுடியோவுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், டகோயாகி எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் இதில் கிடையாது. அதற்கு வேறு ஆயிரம் பக்கங்கள் இருக்கின்றன.

முதல் முறை போகிறேன். கோட்டை, டோட்டோன்போரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைத்தான் பார்க்க வேண்டுமா?

விட வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாள் கொடுங்கள், போதும். கோட்டையின் கற்சுவரும் அகழியும் உண்மையிலேயே பிரமாண்டம்தான், ஆனால் நடுவில் நிற்கும் கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் கட்டியது, உள்ளே லிஃப்ட் எல்லாம் உண்டு. டோட்டோன்போரி கால்வாய்த் தெரு ராத்திரியில் பார்க்க அழகு. அப்புறம் மூன்றாவது நாள் என்ன செய்வது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் கியோட்டோவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

ஒசாகா காலங்காலமாக வியாபாரிகளும் தொழிலாளிகளும் வாழ்ந்த ஊர். இங்கே இருக்கும் விசித்திரமான விஷயங்களில் பல, சுற்றுலாப் பயணிகளுக்காக யாரும் செய்து வைத்தவை கிடையாது. ஆற்றைக் கடக்க வேண்டும், குப்பையை எரிக்க வேண்டும், நிலத்தை விட்டுக்கொடுக்க மனசில்லை, கடன் தீர சாமியிடம் வேண்ட வேண்டும், இப்படி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஊர்க்காரர்களின் ஒரு தேவை இருக்கும். அவற்றில் முக்கால்வாசி இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே சுற்றினால் இந்த ஊர் மாதிரி சுவாரசியமான ஊர் ஜப்பானில் குறைவு என்பேன்.

சரி, எங்கே ஆரம்பிக்கலாம்?

ஆற்றில். ஜே.ஆர். வளைய ரயிலில் நிஷிகுஜோ நிலையத்தில் இறங்கி, அஜிகாவா ஆற்றை நோக்கித் தெற்கே சில நிமிடம் நடந்தால் ஒரு சாதாரணமான கான்கிரீட் கட்டடம் வரும். அதற்குள் ஒரு பெரிய லிஃப்ட். பள்ளிப் பிள்ளைகள், சைக்கிளோடு காய்கறி வாங்கி வரும் அம்மாக்கள், வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் அதில் ஏறி, ஆற்றுக்கு அடியில் இருக்கும் சுரங்கப்பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து, அந்தக் கரையில் இன்னொரு லிஃப்டில் மேலே வருவார்கள். காசு கிடையாது.

இந்தச் சுரங்கம் 1944இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், திறக்கப்பட்டது. குழாய்ப் பகுதியை வெளியே செய்து ஆற்றுக்குள் இறக்கிப் பதிக்கும் முறையில் ஜப்பானில் கட்டிய முதல் சுரங்கம் இது. பாலம் கட்டியிருக்கலாமே என்று தோன்றும். அன்றைக்கு இந்த ஆற்றில் கப்பல் போக்குவரத்து அவ்வளவு அதிகம், பாலம் கட்டினால் அதை மிக உயரத்தில் கட்ட வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் கார்களுக்கும் தனி லிஃப்ட் இருந்தது, அதை 1977இல் மூடிவிட்டார்கள். அந்தப் பெரிய கதவுகள் இன்னும் பக்கத்திலேயே இருக்கின்றன, பார்க்கத் தவறாதீர்கள். கீழே நடக்கும் தூரம் 80 மீட்டர் சுமார், இரண்டு நிமிட வேலை. கோடையில்கூடக் குளுகுளுவென்று இருக்கும்.

ஒசாகாவில் இலவசப் படகு ஓடுகிறதாமே, உண்மையா?

உண்மை. மாநகராட்சியின் கணக்கில் 8 இடங்களில் ஓடுகிறது. எல்லாமே இலவசம், வெளிநாட்டுக்காரர், உள்ளூர்க்காரர் என்ற வித்தியாசம் இல்லை. 1920இல் சாலைச் சட்டம் வந்தபோது, படகுத்துறையும் சாலையின் ஒரு பகுதிதான், சாலையில் நடக்க யாரும் காசு கேட்பதில்லையே என்ற கணக்கில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதை மாற்றவில்லை. 1935 வாக்கில் இப்படி 31 துறைகள் இருந்தன. பாலங்கள் வர வர ஒவ்வொன்றாக மூடி, இப்போது எட்டில் நிற்கிறது.

ஒன்றே ஒன்றில் ஏற நேரம் இருந்தால் தெம்போசான் துறையில் ஏறுங்கள். கடல்வாழ் உயிரினக் காட்சியகமான கையூகானுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து சகுராஜிமா கரைக்குப் போகலாம், அங்கிருந்து யூனிவர்சல் ஸ்டுடியோ ஒரு ரயில் நிலையத் தூரம். அரை மணிக்கு ஒன்று போல ஓடும் என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்துப் பூங்காவில் தெம்போசான் மலையில் ஏறிவிடலாம். மலை என்றால் உயரம் 4.53 மீட்டர். 1831இல் ஆற்றைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டிக் குவித்த மேடு அது, ஒரு காலத்தில் இன்னும் நல்ல உயரமாக இருந்து பிறகு தாழ்ந்துவிட்டது. ரொம்ப நாள் ஜப்பானின் மிகத் தாழ்ந்த மலை என்ற பெயர் இதற்குத்தான் இருந்தது. 2011 சுனாமிக்குப் பிறகு செண்டாய் நகரத்தில் ஹியோரியாமா 3 மீட்டராகக் குறைந்துபோக, பட்டம் அங்கே போய்விட்டது.

எனக்கு மனசுக்குப் பிடித்தது தைஷோ வட்டாரத்தில் உள்ள செம்பொன்மட்சு துறை. தலைக்கு மேலே, 30 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், 1973இல் திறந்த ஒரு பாலம் போகிறது. இரண்டு கரையிலும் அதற்கு ஏறும் சாலை சுருள் சுருளாக வளைந்து மேலே போவதால் ஊர்க்காரர்கள் அதைக் கண்ணாடிப் பாலம், அதாவது மூக்குக்கண்ணாடிப் பாலம், என்று கூப்பிடுகிறார்கள். நடந்தும் போகலாம்தான், ஆனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தச் சுருளில் ஏறி இறங்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? அதனால்தான் பாலம் வந்து இத்தனை வருஷம் ஆகியும் கீழே படகு நிற்காமல் ஓடுகிறது. படகில் உட்கார இருக்கை கிடையாது, இரண்டு மூன்று நிமிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான். காலையில் போனால் வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள் வரிசை நிற்கும். அவர்களை முதலில் ஏறவிட்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள்.

கட்டடத்துக்குள் புகுந்து போகும் சாலை படத்தில் பார்த்தேன். அது எங்கே?

ஒசாகாவுக்குள்ளேயே இருக்கும் ஃபுகுஷிமா நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். உமேதாவுக்குப் பக்கம். பெயர் கேட் டவர் பில்டிங். 16 மாடி, 1992இல் முடிந்தது. அதன் 5, 6, 7ஆம் மாடிகள் வழியாக ஹன்ஷின் விரைவுச்சாலையின் இறங்கு பாதை போகிறது.

இதன் பின்கதைதான் ரசமானது. அந்த நிலம் ஒரு குடும்பத்தின் நிறுவனத்திடம் மெய்ஜி காலத்திலிருந்தே, அதாவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே, இருந்தது. பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட 1980களில் அனுமதி கேட்டால், இங்கே விரைவுச்சாலை வரப்போகிறது, முடியாது என்றார்கள். அவர்கள் நிலத்தை விடவும் மாட்டேன் என்றுவிட்டார்கள். ஐந்து வருஷம் போல இழுபறி. கடைசியில் சாலையும் கட்டடமும் ஒரே இடத்தை மேலும் கீழுமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று 1989இல் சட்டமே மாறி, இரண்டு பேருக்கும் வழி பிறந்தது. சாலை கட்டடத்தை எங்கேயும் தொடவில்லை, தனித் தூண்களில் நிற்கிறது. லிஃப்ட் 4ஐ விட்டால் 8இல்தான் நிற்கும். தரைத்தளத்தில் எந்த மாடியில் எந்த நிறுவனம் என்று காட்டும் பலகையில் 5 முதல் 7 வரை விரைவுச்சாலையின் பெயர் வாடகைதாரர் மாதிரி எழுதியிருக்கும். அலுவலகக் கட்டடம் என்பதால் உள்ளே சுற்றிப் பார்க்க இடமில்லை, வெளியிலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

சாக்கடையைப் பார்க்க ஒரு ஜன்னல் இருக்கிறதாம், சும்மா சொல்கிறார்களா?

இல்லை, இருக்கிறது. அன்றைய ஆட்சியாளர் டொயோதொமி ஹிதெயோஷி 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊரை அமைத்தபோது, வீடுகளின் பின்புறங்கள் ஒன்றையொன்று பார்க்கும் இடத்தில் கழிவுநீர் வாய்க்கால் ஓடும்படி திட்டம் போட்டார்கள். பிறகு கல் அடுக்கிப் பலப்படுத்திய அந்த வாய்க்கால்களில் சுமார் 20 கிலோமீட்டர் இன்றும் மாநகராட்சியின் கழிவுநீர் வலையில் வேலை செய்துகொண்டிருக்கிறது. தனிமாச்சி 4-சோமே நிலையத்துக்குப் பக்கத்தில் மினாமி-ஓயே தொடக்கப் பள்ளியின் ஓரமாக ஒரு சின்ன ஜன்னல் வைத்து, கீழே தெரியும்படி செய்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கல் சுவரும் ஓடும் நீரும் தெரியும், அவ்வளவுதான். கோட்டைக்குப் போகிற வழியில் ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாம். இதற்கென்று தனியாகக் கிளம்பிப் போகச் சொல்ல மாட்டேன்.

ஜப்பானில் பிள்ளையார் கோயில் இருக்கிறது என்கிறார்களே?

ஒசாகாவிலிருந்து போக மிக வசதியானது இகோமா மலையில் இருக்கும் ஹோசான்ஜி. எல்லைக் கணக்கில் நாரா மாகாணம், ஆனால் ஒசாகா நம்பாவிலிருந்து கிண்டெட்சு ரயிலில் 20 நிமிடம் போல்தான். பௌத்தத்தோடு சேர்ந்து சீனா வழியாக ஜப்பான் வந்த விநாயகர் இங்கே காங்கிதென் என்ற பெயரில் இருக்கிறார், ஷோதென் என்றும் சொல்வார்கள். கோயிலை 1678இல் தங்காய் என்ற துறவி நிறுவினார். ஒசாகா வியாபாரிகளுக்கு அன்றிலிருந்து இன்றுவரை பெரிய நம்பிக்கை இந்தச் சாமிமேல்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: திருமேனியைப் பார்க்க முடியாது. காங்கிதென் உருவத்தை வெளியே காட்டுவதில்லை என்பது ஜப்பானில் பொதுவான வழக்கம், பெரும்பாலும் யானைத் தலையோடு இரண்டு பேர் தழுவி நிற்கும் வடிவம் அது. ஆனால் அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கோயிலில் எங்கே திரும்பினாலும் இரண்டு முள்ளங்கி குறுக்காக வைத்த சின்னமும் சுருக்குப்பையும் தெரியும், வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் மரப்பலகையிலும் முள்ளங்கி இருக்கும். நம் பழைய சிற்ப மரபிலும் விநாயகர் கையில் முள்ளங்கி உண்டு, அது அத்தனை தூரம் கடல் தாண்டி வந்து இங்கே நிலைத்திருப்பதைப் பார்க்கும்போது உண்மையாகவே சிலிர்க்கிறது. கொழுக்கட்டையும் வந்திருக்கிறது: பருப்பு விழுதை மாவில் பொதிந்து, பை மாதிரி முடிந்து, எண்ணெயில் பொரித்த ஒரு இனிப்பு காங்கிதென்னுக்குப் படைக்கும் பண்டம், கியோட்டோவில் அதை இன்றும் விற்கிறார்கள்.

மேலே போகும் வழியும் ஒரு காட்சி. இகோமா நிலையத்தில் இறங்கி எதிரே இருக்கும் தொரியிமாயே நிலையத்தில் கம்பிவட ரயில் ஏற வேண்டும். 1918இல் ஆரம்பித்த இதுதான் ஜப்பானில் பொதுமக்களுக்காக ஓடிய முதல் கம்பிவட ரயில். இப்போது ஓடும் பெட்டிகளில் ஒன்று நாய் வடிவம், இன்னொன்று பூனை வடிவம். அதற்கும் மேலே இன்னொரு பாதை மலையுச்சிப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறது. அங்கே 1929இல் நிறுவிய விமானக் கோபுர ராட்டினம் இன்னும் சுற்றுகிறது. போரில் இரும்புக்காக எத்தனையோ ராட்டினங்களைப் பிரித்துக்கொண்டு போனார்கள், இதை மட்டும் வான்வழித் தாக்குதலைக் கண்காணிக்கும் கோபுரமாகப் பயன்படுத்தியதால் விட்டுவைத்தார்கள். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆடுவதற்குத்தான் காசு. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கோயில் எப்போதும் உண்டு.

எலும்பில் செய்த புத்தர் இருக்கிறாராமே? பயமாக இருக்காதா?

தென்னோஜி பூங்காவுக்குப் பக்கத்தில் இஷ்ஷின்ஜி கோயில். குடும்பங்கள் கொண்டுவந்து ஒப்படைக்கும் அஸ்தியைச் சேர்த்து, ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு அமிதா புத்தர் சிலை செய்கிறார்கள். முதல் சிலை 1887இல் வந்தது. போருக்கு முன் செய்த சிலைகள் 1945 குண்டுவீச்சில் அழிந்தன, பிறகு 1948இலிருந்து மறுபடி தொடர்கிறது. இன்றைக்கு ஒரு சிலையில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அஸ்தி சேர்ந்திருக்கும்.

பயமெல்லாம் ஒன்றும் இல்லை. எந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலும் அஸ்தியை வாங்கிக்கொள்வார்கள் என்பதால், தனிக் கல்லறைக்கு வழியில்லாதவர்களும் தூரத்தில் இருப்பவர்களும் இங்கே வருகிறார்கள். சிலைகளுக்கு முன்னால் ஊதுபத்திப் புகை அடர்த்தியாக இருக்கும், வயதானவர்கள் எந்தச் சிலையில் தங்கள் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று தெரிந்து, சரியாக அந்தச் சிலைக்கு எதிரே போய் நிற்பார்கள். அவர்கள் கும்பிட வந்தவர்கள், நாம் பார்க்க வந்தவர்கள். அந்த நினைப்போடு கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நில்லுங்கள். நுழைவாயில் இரும்பும் கண்ணாடியுமாக, கோயில் வாசல் என்றே தோன்றாதபடி இருக்கும். கோயிலின் துறவியே கட்டடக் கலைஞராகவும் இருந்து வரைந்தது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அவர்களுக்கு ஏதாவது?

ஹிரானோ என்ற பழைய வட்டாரத்தில் சென்கோஜி கோயிலில் ஒரு சின்ன நரகக் கூடம் இருக்கிறது. உள்ளே எமன் உட்கார்ந்திருப்பார், அவர்தான் ஜப்பானில் என்மா. மணியை அடித்தால் விளக்கு மாறி நரகத்தின் காட்சிகள் ஓட, என்மா பேச ஆரம்பிப்பார். தப்பு செய்தால் என்ன ஆகும், உயிர் எவ்வளவு அருமையானது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதற்காகவே இதைச் செய்திருக்கிறார்கள். வளாகத்தில் ஓட்டை போட்ட ஒரு கல்லும் உண்டு, அதில் தலையை நுழைத்தால் நரகத்துக் கொப்பரை கொதிக்கும் சத்தம் கேட்குமாம், பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தலையை விடுவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் யோசித்துக்கொள்ளுங்கள், சிலர் அழுதுவிடுகிறார்கள். ஹிரானோவில் கடைக்காரர்களே தங்கள் வீட்டின் ஒரு மூலையைச் சின்ன அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், நான்காவது ஞாயிற்றுக்கிழமை போனால் அவையும் திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நம்பா யசாகா கோயிலின் சிங்கத் தலை மேடையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 12 மீட்டர் உயரம், திறந்த வாய்தான் மேடை. கெட்டதை அந்த வாய் விழுங்கிவிடும் என்பது நம்பிக்கை. இப்போது இங்கே கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது, காலையிலேயே போய்விடுங்கள்.

ட்ராமில் போகலாம் என்கிறார்கள். எங்கே போவது?

ஹன்கை ட்ராம். ஒசாகாவில் மிச்சமிருக்கும் ஒரே ட்ராம் இதுதான். தென்னோஜியிலிருந்து ஏறி சுமியோஷி தைஷா என்ற ஷின்டோ கோயிலின் வாசலிலேயே இறங்கலாம். 1928இல் செய்த பெட்டிகள் சில இன்னும் ஓட்டத்தில் இருக்கின்றன, ஏசி இல்லாததால் கோடையில் வெளியே எடுப்பதில்லை. குளிர்காலத்தில் போனால் கிடைக்கலாம், உள்ளே மரமும் பித்தளையுமாக இருக்கும்.

சுமியோஷியில் எல்லாரும் வளைந்த சிவப்புப் பாலத்தில் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் உள்ளே வாருங்கள். முதன்மைச் சன்னிதிகளுக்குத் தெற்கே ஒரு வேலி, அதற்குள் கூழாங்கல் குவிந்திருக்கும். வேலிக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு மக்கள் எதையோ தேடிக்கொண்டிருப்பார்கள். ஐந்து, பெரிது, வலிமை என்ற மூன்று எழுத்துகளில் ஒன்று எழுதிய கற்கள் அதில் கலந்து கிடக்கின்றன. மூன்றையும் கண்டுபிடித்தால் தாயத்து மாதிரி வைத்துக்கொள்ளலாம். வேண்டியது நடந்துவிட்டால், வேறு கற்களில் அதே எழுத்துகளை நீங்களே எழுதி, எடுத்ததையும் சேர்த்து இரட்டிப்பாகத் திருப்பிப் போட வேண்டும். யாரோ ஒருவருக்கு நல்லது நடந்ததற்கு அடையாளமாகத்தான் உங்கள் விரலில் ஒரு கல் மாட்டுகிறது. எழுத்துகளை முன்னாலேயே போனில் படமாக வைத்துக்கொண்டு போங்கள், தேட எளிது.

அதே வளாகத்தில் நங்குன்ஷா என்ற சன்னிதியில் மாதம் ஒரு மண் பூனை வாங்கிச் சேர்க்கும் பழக்கம் உண்டு. 48 சேர்ந்தால் நடுத்தர அளவுப் பூனையாக மாற்றித் தருவார்கள், அதற்கு நான்கு வருஷம் ஆகும்.

சக்காயில் இருக்கும் ராட்சசக் கல்லறை பார்க்க வேண்டிய இடமா?

தைசென் கோஃபுன், 486 மீட்டர் நீளம், 5ஆம் நூற்றாண்டு, 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பேரரசர் நின்தொகுவின் கல்லறை என்று அரண்மனை நிர்வாகம் வைத்திருப்பதால் உள்ளே யாரையும் விடுவதில்லை. தரையிலிருந்து பார்த்தால் அகழிக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்பு, வேறொன்றும் தெரியாது. விமானப் படத்தில் தெரியும் சாவித்துவார வடிவத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சக்காய் மாநகராட்சிக் கட்டடத்தின் 21ஆம் மாடியில் இலவசமாக ஏறிப் பார்க்கலாம், அங்கிருந்தும் வடிவம் முழுதாகப் பிடிபடாது, ஆனால் வீடுகளுக்கு நடுவே அந்தக் காடு எவ்வளவு பெரிது என்பது புரியும். வரலாற்றில் ஆர்வம் இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் சக்காயின் கத்திப் பட்டறைக் கடைகளுக்காகப் போய்விட்டு, வழியில் இதையும் பாருங்கள்.

1970 உலகக் கண்காட்சி நடந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?

சூரிய கோபுரம் நிற்கிறது. ஒகாமோட்டோ தாரோ வடித்தது, 70 மீட்டர். உச்சியில் பொன்முகம், நடுவில் ஒரு முகம், முதுகில் கறுப்புச் சூரியன். அன்றைக்கு 6 கோடியே 40 லட்சம் பேருக்கு மேல் கண்காட்சிக்கு வந்தார்கள். முடிந்ததும் கோபுரத்தின் உள்ளே பூட்டிவிட்டார்கள், 2018 மார்ச்சில்தான் சீர்செய்து திறந்தார்கள். உள்ளே 41 மீட்டர் உயரத்துக்கு ஒரு உயிர் மரம், அடியில் ஒற்றைச் செல் உயிரில் ஆரம்பித்து மேலே மனிதன்வரை கிளைகளில் தொங்கும். உள்ளே போக முன்பதிவு வேண்டும், வார இறுதி சீக்கிரம் நிரம்பிவிடும்.

அதே பூங்காவில் தேசிய இனவியல் அருங்காட்சியகம், சுருக்கமாக மின்பாக்கு. ஒரு முழு நாளையும் இதற்கு ஒதுக்கலாம் என்பேன். உலகம் முழுதும் மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் சாமான்கள், உடை, வாத்தியம், படகு, திருவிழாப் பொருள்கள் என்று ஓஷியானியாவில் ஆரம்பித்து ஜப்பானில் வந்து முடியும். பெரும்பாலான பொருள்கள் கண்ணாடிக்குள் இல்லை, பக்கத்தில் நின்று பார்க்கலாம். தெற்காசியப் பகுதியும் உண்டு. பூங்காவுக்கும் மின்பாக்குக்கும் பொதுவாகப் புதன்கிழமை விடுமுறை.

குப்பை எரிக்கும் ஆலையைப் போய் என்ன பார்ப்பது?

மைஷிமா தீவில் இருக்கும் ஆலையின் வெளித்தோற்றத்தை ஆஸ்திரியக் கலைஞர் ஹுண்டெர்ட்வாசர் வடிவமைத்தார். நேர்கோடு பிடிக்காதவர் அவர். சிவப்பும் மஞ்சளும் கோடுகளாகச் சுவரில் நெளிய, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஜன்னல்கள், மாடிகளில் மரங்கள், 120 மீட்டர் புகைபோக்கியின் தலையில் பொன் உருண்டை. இதைத் தூரத்திலிருந்து பார்த்து யூனிவர்சல் ஸ்டுடியோ என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் 2000இல் காலமானார், ஆலை 2001இல் முடிந்தது. முன்பதிவு செய்தால் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள், ராட்சசக் கிரேன் குப்பையை அள்ளுவதையும் பார்க்கலாம். பேருந்தில்தான் போக வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

கஷ்டம்தான், மறைக்க விரும்பவில்லை. பிரச்சினை இறைச்சியில் இல்லை, தாஷியில். அந்தக் குழம்புச் சாற்றுக்குப் பெரும்பாலும் கட்சுவோ மீனைக் காயவைத்துச் சீவிப் போடுகிறார்கள், உதோன் நூடுல்ஸில் இருந்து ஒகொனோமியாகி அடை மாவு வரை எல்லாவற்றிலும் அது இருக்கும். "மீன் இல்லை" என்று கடைக்காரர் உண்மையாகவே நம்பிச் சொல்லலாம், தாஷியை அவர் மீன் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். அதனால் தாஷி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். அவசரத்துக்கு வெறும் சோறு, பழம், வறுத்த சர்க்கரைவள்ளி, இனிப்புக் காராமணி வகைப் பண்டங்கள் கைகொடுக்கும். நகரத்தில் இந்திய உணவகங்களுக்குக் குறைவில்லை, புறநகர் போகும் நாளில் கையில் கட்டிக்கொண்டு போவது நல்லது.

மலை, அருவி ஏதாவது பக்கத்தில்?

மினோ. உமேதாவிலிருந்து ஹன்கியூ ரயிலில் இஷிபாஷியில் மாறினால் அரை மணி நேரம். நிலையத்திலிருந்து ஓடையை ஒட்டியே 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நடந்தால் 33 மீட்டர் அருவி. பாதை நல்ல சிமெண்டுப் பாதை, பெரியவர்களும் நடக்கலாம். வழிக்கடைகளில் மேப்பிள் இலை வறுவல் விற்பார்கள். இலையை ஒரு வருஷம் போல உப்பில் ஊறவைத்து, இனிப்பு மாவில் தோய்த்து, நிதானமாகப் பொரிக்கிறார்கள். இலைக்குத் தனியாகச் சுவை ஒன்றும் தெரியாது, மாவும் எள்ளும்தான் ருசி. பாதி வழியில் ர்யூவான்ஜி, அங்கே இருப்பது பென்சைதென், நம் சரஸ்வதி. நவம்பர் கடைசியில் இலை சிவக்கும்போது கூட்டம் நெருக்கும். மே மாதத்துப் பச்சையில் வார நாளில் போய்ப் பாருங்கள்.

நிஷினாரி பக்கம் போகக் கூடாது என்கிறார்கள். ஆபத்தா?

பகலில் நடந்துபோவதில் ஆபத்து என்று எதுவும் இல்லை. கமகசாகி என்ற அந்தப் பகுதி தினக்கூலித் தொழிலாளிகள் தங்கிய இடம். 1970 கண்காட்சியின் கட்டுமானத்துக்கும் ஊரின் சாலைகளுக்கும் உழைத்தவர்கள் பலர் அங்கிருந்து போனவர்கள்தான். இன்று அவர்களில் நிறையப் பேர் வயதாகி, துணையில்லாமல் இருக்கிறார்கள். மலிவு விடுதிகள் அங்கே இருப்பதால் தங்குங்கள், சாப்பிடுங்கள், ஆனால் தெருவில் படுத்திருப்பவரைப் படம் எடுத்துப் போடாதீர்கள். வறுமையைக் காட்சிப்பொருளாக்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத விஷயம். பக்கத்தில் தொபிதா என்ற பகுதியில் படம் எடுக்கவே கூடாது என்று பலகை இருக்கும், அதை மதியுங்கள்.

பாஸ் வாங்கலாமா?

மெட்ரோவுக்கு ஒருநாள் பாஸ் உண்டு, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் விலை குறைவு. ஆனால் ஜே.ஆர்., கிண்டெட்சு, ஹன்கியூ, ட்ராம் எதுவும் அதில் வராது, மேலே சொன்னவற்றில் பாதி அந்தப் பக்கம்தான். அதனால் இகோக்கா கார்டில் பணம் போட்டுக்கொண்டு தட்டித் தட்டிப் போவதே நிம்மதி. சின்னக் கோயில்களுக்குச் சில்லறை வைத்திருங்கள்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

காலையில் நிஷிகுஜோ சுரங்கத்தில் நடந்து, ரயில் மாறி தெம்போசான் போய்ப் படகில் ஏறுங்கள். மதியம் தென்னோஜி வந்து இஷ்ஷின்ஜி, அங்கிருந்து ட்ராமில் சுமியோஷி. சன்னிதிக் கதவுகளை ஐந்து மணிக்கே சாத்திவிடுவார்கள், அதனால் மூன்றரைக்குள் அங்கே இருங்கள். ஜூலை, ஆகஸ்ட் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி, சுமியோஷியைக் காலை ஏழு மணிக்கே முடித்துவிடுங்கள், அந்த வெயிலில் மதியம் கூழாங்கல் தேட முடியாது. சாயங்காலப் படகுக்குக் கடைசி நேரம் துறைக்குத் துறை வேறு, பருவத்துக்கும் மாறும். போகும் முன் மாநகராட்சியின் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.